ஸ்டெல்லா அக்கா நடுவாய்க்காலில் நின்ற நாள்

ஸ்டெல்லா அக்கா இன்று காலை போய்விட்டார். அவருடைய மகள் போன் செய்து சொன்னாள்... எண்பதைத் தாண்டிய வயது, தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம்.

கீழ்வேளூர், நன்னிலம் பக்கத்து ஆட்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக... பல வருடம் ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி நடத்தியவர். கேபிள் டிவி வந்த பிறகு அதில் உள்ளூர் செய்தி வாசித்தவர்.

ரேடியோ காலத்தில் முகம் யாருக்கும் தெரியாது. நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் "சக்கரை கம்மியா ஒரு டீ" என்றார்... அந்தக் குரலுக்குக் கடையே திரும்பிப் பார்த்தது. டீ மாஸ்டர் கிளாஸை நீட்டிக்கொண்டே தன் வயலில் விழுந்த புகையான் பூச்சிக்கு மருந்து கேட்டார்.

நான் சவூதியிலிருந்து திரும்பி, கொண்டுவந்த வீடியோ கேமராவில் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கேபிளில் செய்தி வாசித்த சமயம் அது. ஒருநாள் அக்கா என் வீடியோ கடைக்கு வந்தார்.

"சாதிக், கேமராவ எடுத்துக்கப்பா. வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வருவோம்."

கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டதாக அதிகாரிகள் அறிவித்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. நாற்று முற்றிப் பழுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் அந்த வருடம் நடவே கிடையாது.

அக்கா வெடித்துக் கிடந்த வாய்க்காலின் நடுவில் இறங்கி நின்றார். அதே ரேடியோ குரல். "நேயர்களே, இங்கே தண்ணீர் ஓடுவதாகச் சொல்கிறார்கள். என் புடவைக் கரை நனைந்திருக்கிறதா, நீங்களே பாருங்கள்."

கேபிள்காரர் பயந்துவிட்டார். லைனை வெட்டிவிடுவார்கள், வம்பு வேண்டாம் என்று கெஞ்சினார்.

அக்கா கோபப்படவில்லை. "நீங்க போடலன்னா பரவால்ல தம்பி. கடைத்தெருவுல ஒரு டிவிய வச்சு நானே போட்டுக்கிறேன்."

அன்று மாலையே கேபிளில் போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் திரண்டு ஆபீசுக்குப் போக, ஜீப்கள் வந்தன. மேலே ஒரு மதகு பாதி மூடியே கிடந்திருக்கிறது... முழுதாகத் திறந்ததாக யாரோ எழுதி வைத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் காலை தண்ணீர் வந்தது.

அக்கா மறுபடி அதே இடத்தில் நின்றார். முதலில் கணுக்கால்... அப்புறம் முழங்கால். "நேயர்களே" என்று ஆரம்பித்தார். நடவுப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டு வாய்க்காலில் குதித்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு மேல் செய்தி வாசிக்கவே இல்லை. டேப் முழுக்க அவர் சிரிப்புத்தான்.

அந்த வருடம் எங்கள் பக்கம் ஒரு வயல்கூடத் தரிசாகக் கிடக்கவில்லை.

ஊருக்கு வந்து திரும்பிய ஒருவரிடம் அந்த கேசட்டைச் சவூதியில், தம்மாமில் இருந்த என் தம்பிக்குக் கொடுத்து அனுப்பினேன். அவன் ரூமில் எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். தண்ணீர் வந்த இடத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம்... ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தார்களாம். கடிதம் எழுதியிருந்தான்.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சவுண்டு நல்லா கேட்டுச்சாமா?"

நல்லாவே கேட்டுச்சுக்கா... போயிட்டு வாங்க.