பீரோ நகர்ந்த முக்கால் அடி

மகளுக்குக் கல்லூரியில் அது கடைசி வருஷம். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டு, தீப்பெட்டி அளவில் ஒவ்வொன்றின்மேலும் ஒரு கருவியை வைத்திருந்தாள். ஒன்று சிக்னல் அனுப்பும், இன்னொன்று வாங்கும். அந்தச் சிக்னல் நேராகவும் வருமாம். சுவரிலும் இரும்பு பீரோவிலும் பட்டுத் திரும்பி, கொஞ்சம் பிந்தியும் வருமாம். எது எவ்வளவு பிந்துகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவள் பிராஜெக்ட். கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லையாம் அந்தத் தாமதம். எட்டாவதோடு நின்ற எனக்கு என்ன புரியும்? திங்கட்கிழமை வாத்தியாரிடம் காட்ட வேண்டும், நல்லபடியாக முடியட்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

"கூடத்துல ஒண்ணையும் நவுத்தாதம்மா" என்று சொல்லித்தான் வைத்திருந்தாள்.

ஆனால் வந்தது ஆடி வெள்ளி. ஒட்டடையை வைத்துக்கொண்டு அம்மனை எப்படி உள்ளே அழைப்பது? அவள் கிளம்பியதும் பீரோவை முன்னால் இழுத்துத் துடைத்தேன். சாமி அலமாரி பக்கத்திலேயே இருப்பதால், நான் போட்ட மாக்கோலத்தின் ஓரம் பீரோ நிற்கும் இடத்திலும் ஏறிவிட்டது. ஈரக் கோலத்தின்மேல் தள்ள மனசு வரவில்லை. காயட்டும் என்று விட்டுவிட்டுக் கூழ் காய்ச்சப் போனவள், மறந்தே போனேன்.

சாயங்காலம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தவள் முகம் சுண்டிப்போனது.

"இன்னாடி ஆச்சு?"

"பீரோல பட்டு வர்றது நேத்தைவிட முந்தி வருதும்மா. என் கணக்கே தப்பு. மூணு மாசம் வேஸ்ட்."

அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை முடித்து வந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "உடு கண்ணு, பீரோ நடந்துகினு வந்துருக்கும்."

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அம்மன் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அது முடியுமா?

"நான்தாண்டி இழுத்தேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "எவ்ளோ இழுத்த? இரு, இரு, சொல்லாத" என்றாள். ஏதேதோ தட்டினாள். "முக்கால் அடி."

அவர் டேப்பை எடுத்துக் குனிந்து, தரையில் பீரோ நின்ற பழைய தடத்திலிருந்து அளந்தார். "கரெக்டா முக்கால் அடி கீது. ஒரு நூல் கொறச்சல்."

பிள்ளை ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கணக்கு சரிதாம்மா!" கூழ் சிந்தியதைக்கூட நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க எங்கள் இருவரையும் சாண் சாணாகப் பீரோவைத் தள்ளச் சொன்னாள். "உங்கம்மா ஒண்டியாவே தள்ளுவா, என்னை ஏன் கூப்புடுற?" என்று முனகிக்கொண்டே அவரும் தள்ளினார். ஒவ்வொரு முறையும், திரும்பிப் பார்க்காமலே, எவ்வளவு தூரம் என்று சொன்னாள்.

திங்கட்கிழமை வாத்தியார் ஒப்புக்கொண்டாராம். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.