வாத்துக் கால்காரி

சிவப்புச் சிமெண்டுத் தரை வெறுங்காலில் பட்டதும் சில்லென்று முழங்கால் வரைக்கும் ஏறுமே, அந்தச் சில்லிப்பு இன்றைக்கும் என் உள்ளங்காலில் இருக்கிறது. ஓசூருக்குக் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஆபீசர் வீட்டுக்கு அம்மாவோடு நான் பால் கொண்டுபோவேன். அந்தச் சிவப்புத் தரைக் கூடத்தில் அவர் பெண்சாதி, தன் மகள் ரோஸியை நாற்காலி முதுகைப் பிடிக்கவைத்து "பாலே" என்கிற வெள்ளைக்கார ஆட்டம் பழக்குவார்.

எனக்குப் பிறந்ததிலிருந்தே பாதம் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். தெருவில் "வாத்துக் கால்" என்றுதான் பேர். "இந்தக் காலப் பாத்தா எவன்டி பொண்ணு கேட்டு வருவான்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், தக்காளி விற்க ராயக்கோட்டைச் சந்தைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போய், எலும்பு கட்டுகிறவரிடம் காலை ஒடித்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நேராக்கிவிடுவதென்று முடிவு பண்ணிவிட்டார். மாதக்கணக்கில் படுக்கைதான்.

ரோஸிக்கோ, குதிகால் இரண்டையும் ஒட்டவைத்து விரல்களை ஆளுக்கொரு பக்கம் விரிக்கிற முதல் நிலையே வராது, அழுவாள். ஒருநாள் பால் சொம்போடு நின்ற என் காலைப் பார்த்துவிட்டு, "மம்மி, இவ சும்மாவே நிக்கிறா!" என்று கத்தினாள். அன்றையிலிருந்து அவளுக்கு ஜோடியாக நானும் நின்றேன். காலை அகட்டி நிற்பது, ஒரு குதிகாலை மறு பாதத்தின் நடுவில் சேர்ப்பது, சற்றுத் தள்ளி முன்னே வைப்பது, கடைசியில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்றின் முன் ஒன்றை அடைத்து நிற்பது, எதற்கும் என் கால் சிணுங்கவில்லை. கைதான் மக்கர் பண்ணியது. குடத்தை அணைக்கிற மாதிரி முன்னே வளைப்பது வந்துவிடும். தலைக்கு மேலே தூக்கினாலோ, புல்லுக்கட்டு சுமந்த பழக்கத்தில் விரல் தானாக இறுகிக்கொள்ளும், கழுத்து விறைக்கும். "தலையில ஒண்ணுமே இல்லம்மா, விடு!" என்பார் ரோஸியின் அம்மா.

கம்பெனி ஆண்டுவிழாவில் எங்கள் இருவரையும் மேடை ஏற்றினார்கள். மறுநாள்தான் நைனா என்னைக் கூட்டிப்போவதாக இருந்த ராயக்கோட்டைச் சந்தை. அவரும் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கையைத் தூக்கியதும் விரல் இறுகியது, கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "ஏமே, புல்லுக்கட்ட எங்க வுட்டுட்டு வந்த?" என்றாள். பந்தலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பில் விரல் அவிழ்ந்து, கழுத்து இளகி, கை இரண்டும் தலைக்கு மேலே வட்டமாக நின்றன. கால் அடைத்த இடத்தைவிட்டு அசையவில்லை. அப்புறம் எழுந்த கைதட்டலில் நைனா கை ஓய்ந்ததுதான் கடைசி.

விடிந்ததும் தக்காளிக் கூடைகளை வண்டியில் ஏற்றினார். நானும் பயந்துகொண்டே ஏறப்போனேன். "நீ எங்கமே வர்ற? ஊரே கைதட்டின கால அந்த எலும்பு கட்டுறவன்கிட்ட குடுத்து ஒடிக்கவா?" என்றார். அம்மா பால் சொம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஆபீசர் வீடு இருந்த இடத்தில் இன்றைக்கு லாரிகள் நிற்கின்றன. ரோஸி குடும்பம் எந்த ஊருக்குப் போனதோ தெரியாது. வாத்தென்று கூப்பிட்டவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். என் வயசுக்காரிகள் கோலூன்றி ஏறுகிற மேட்டில் நான் கைவீசி ஏறுகிறேன், பாதம் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்தபடி.