அரைப்பேர்

எங்கள் வீட்டுப் பூனைக்கு அரைப்பேர் என்று பெயர் வைத்தவன் நான். அதற்குத் துன்பம் செய்தவனும் நான்தான். இரண்டையும் பத்து வயதில் செய்தேன். பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சொல்வதற்கு எளிது.

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டக் கணக்கில், நாள் முழுக்க வேலை செய்தவருக்கு ஒரு பேர் விழும். உடம்புக்கு முடியாமலோ வேறு காரணத்தாலோ நடுப்பகலில் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டால் அரைப்பேர். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு மாதத்தில் சில நாட்கள் அரைப்பேர்தான். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது லயத்துக் காம்பிராவில், தொழிலாளர் வரிசைவீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே அறையில், அவள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். அம்மாவுக்கு ஒரு நாளும் அப்படி வாய்த்ததில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் மாலை வரை நின்று கொழுந்து பறித்துவிட்டுத்தான் வருவாள். அத்தை கெட்டிக்காரி, கணக்கப்பிள்ளையிடம் எதையோ சொல்லித் தப்பித்து வந்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் அரைப்பேர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அத்தையைப் பூனாகலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் தகரப்பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "அங்க குளிரு ஒத்துக்கல" என்றாள். எங்கள் தோட்டத்திலும் பல் கிட்டுகிற குளிர்தான். ஆனாலும் பூனாகலை இன்னும் உயரம் என்று கேள்விப்பட்டிருந்ததால் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாதம் ஒருமுறை அத்தை பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவாள். சில தடவை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் துணைக்குப் போவேன். என்னை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு திரும்பி வருவாள். தலைவலி மாத்திரை என்பாள். பிறகு பசாரில் எனக்குப் பணிசு என்கிற பன்னும் பிளேன்டீயும் கிடைக்கும். நாங்கள் பதுளைக்குப் போவதே அந்தப் பணிசுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

அப்படிப் போன ஒரு நாள், நாங்கள் சாமான் வாங்குகிற முஸ்லிம் நானாவின் கடையில் வாய் கட்டிய ஒரு சாக்கு தானாக நகர்ந்தது. நான் குனிந்து தொடப் போனேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து கத்தினார்.

"தம்பி, தொட வாணாம்! அது வருத்தக்காரப் பூன."

"என்ன வருத்தம் முதலாளி?" என்றாள் அத்தை.

"எலி புடிக்க நல்ல கெட்டிக்காரன் தங்கச்சி. ஆனா திடீரெண்டு விழுந்து கை காலெல்லாம் இழுக்குது. வாயில நொர. விசர் புடிச்ச பூன எண்டு செல்லி ஆக்கள் கடைக்குள்ள வாராங்கல்ல. கொல்ல மனசு வரல்ல. அதான் மொனராகலை பஸ்ஸுல ஏத்தி, காட்டுப் பக்கமா உடச் செல்லப் போறன்."

அத்தை சாமான் பையைக் கீழே வைத்தாள். விழுந்தால் எவ்வளவு நேரம் இழுக்கும், எழுந்தபிறகு யாரையாவது கடிக்கிறதா, நாக்கு காயப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பூனை வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகளாக அவை எனக்குத் தோன்றவில்லை.

"கடிக்கிறல்ல. எழும்பி, கொஞ்ச நேரம் பேய் முழி முழிச்சிட்டு, பொறகு பால் கேக்கும்" என்றார் கடைக்காரர்.

"மத்த நேரம்?"

"மத்த நேரம் பூனதான்."

"அப்பறம் என்னாங்க முதலாளி. எங்ககிட்ட குடுங்க."

பஸ்ஸில் சாக்கு அத்தையின் மடியில் இருந்தது. வழி முழுக்க அது அழுதது. அவள் சாக்கின் மேல் கை வைத்தபடியே வந்தாள்.

அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை முடிந்து வந்தவர் பூனையைப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது கிழிந்து, அடுப்பின் ஓரமாக அது உட்கார்ந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது.

"சீக்குப் பூனைய வீட்டுல வச்சா லயத்துல என்னா பேசுவாங்க? நாளைக்குக் கொண்டு போயி எங்கனயாச்சும் விட்டுட்டு வா."

"அப்ப அதே சாக்குல என்னையும் போட்டுக் கட்டுங்க அண்ணே" என்றாள் அத்தை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா வெளியே போனார். திரும்பி வரும்போது ஸ்டோரில் கழித்துப்போட்ட ஒரு பழைய தேயிலைப் பெட்டி அவர் தோளில் இருந்தது. பக்கப்பலகை ஒன்றைப் பெயர்த்து, ஆணிகளை மடக்கி அடித்து, உள்ளே கிழிந்த கம்பளித் துண்டைப் போட்டார். பூனைக்கு வீடு கிடைத்துவிட்டது.

அவர் கோபம் தணிந்ததைக் கண்ட உற்சாகத்தில் நான் சொன்னேன்: "சீக்குப் பூனைன்னா தெனமும் வேல செய்யாது. இதுக்கும் அத்தை மாதிரி அரைப்பேருதான்!"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கென்று தெரியவில்லை. அத்தைதான் முதலில் சிரித்தாள்.

"அடிக்காதீங்க அண்ணி. நல்ல பேராத்தான் வச்சிருக்கான். அரைப்பேரு, இங்க வாடா."

பூனை அவளிடம் போனது.

முதல் தடவை அது விழுந்தபோது, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இழுப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது லயத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஓடிப்போய், தேயிலைச் செடி வெட்டுகிற அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்து, அதன் மழுங்கிய முதுகைப் பூனையின் காலில் வைத்து அழுத்தினேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததேயில்லை.

"இரும்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அமுக்காத. அது பாட்டுக்கு விடு."

பக்கத்தில் கிடந்த விறகுகளை மட்டும் தள்ளி வைத்தாள். இழுப்பு அடங்கியதும் பூனை எழுந்து, கண் தெரியாததுபோல் சுவரில் போய் முட்டியது. அத்தை தொடவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து, "அரைப்பேரு... அரைப்பேரு..." என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.

"எங்க இருக்கோம், யாரு இவங்கன்னு ஒன்னும் வெளங்காது. பேரச் சொல்லிக் கூப்பிட்டா அதப் புடிச்சிக்கிட்டு வந்துரும்" என்றாள்.

அது வந்தது. அவள் முழங்காலில் தலையை இடித்தது. அப்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை இன்றும் என்னால் நினைவுபடுத்திக்கொள்ள முடிகிறது.

அன்று முதல் பூனைக்கு மருந்தும் ஆரம்பமானது. அத்தை தன் தலைவலி மாத்திரையில் நகத்தால் ஒரு துணுக்கைக் கிள்ளி, கருவாட்டுத் துண்டில் பொதித்துக் கொடுப்பாள். அது விழுவது குறைந்தது. மாவு மூட்டையைக் குடைந்துகொண்டிருந்த எலிகளும் குறைந்தன. இந்த வைத்தியம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அடுத்த காம்பிராக்காரி கேட்டாள்:

"என்னாடி, ஒங்க வீட்டுப் பூனைக்கு இங்கிலீசு மருந்தாம்ல? எங்க வீட்டு மனுசன் இருமிச் சாகுறாரு, கேக்க நாதி இல்ல."

"அவரு ஒரு எலி புடிக்கட்டும் அக்கா. அவருக்கும் தாரேன்" என்றாள் அத்தை. பீலியே சிரித்தது.

இனி என் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் கையிலிருந்த கரண்டி அலுமினியத் தட்டின் விளிம்பில் 'டிங்' என்று பட்டது. பூனை அந்த நொடியே துடித்து விழுந்தது. தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் வேண்டுமென்றே ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். விழுந்தது. மருந்தைப் பற்றியோ மனிதர்களைப் பற்றியோ தெரியாத எனக்கு இது மட்டும் தெரிந்துவிட்டது. அந்த லயத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று!

அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பெரியவர்கள் மலையில் இருக்கும் நேரத்தில் லயத்துப் பையன்களைக் கொல்லைப்புறம் கூட்டினேன். பூனையின் சோற்றுத் தட்டைக் கரண்டியால் தட்டினால் அது விழும். பையன்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் இன்னொரு தடவை. பார்த்தவன் பார்க்காதவனை அழைத்துவந்தான். என்னைவிடப் பெரிய பையன்கள்கூட, "டேய், நம்மாளுடா" என்று என் தோளில் கை போட்டார்கள். பூனை என்னைக் கண்டு ஓடியதா என்றால் அதுவும் இல்லை. விழுந்து எழுந்து, சுவரில் முட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் என்னிடமே வந்து என் காலை உரசியது. அதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாலையில் அத்தை வரும்போது அது துவண்டு கிடக்கும். சில நாள் அவள் கண்ணெதிரிலேயே விழும். நோய் முற்றிவிட்டது என்று அவள் பயந்துபோனாள். கிள்ளிய துணுக்கு கால் மாத்திரையானது. கால், பாதியானது. "இதுக்கு என்னமோ பத்தல" என்று சொல்லிக்கொண்டு பொட்டலத்தை விரித்துப் பார்ப்பாள், மடித்து வைப்பாள், மறுபடியும் விரிப்பாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வருவதற்குள் பொட்டலம் காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில்தான் அத்தை மலையில் விழுந்தாள். கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டு, கல்லில் மோதி நெற்றி பிளந்துவிட்டது. கால் வழுக்கிவிட்டதாக எனக்குச் சொன்னார்கள். மழைக்காலம் என்பதால் அதுவும் எனக்குப் போதுமானதாக இருந்தது. அவள் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டோடு கிடந்ததால் கொல்லைப்புறக் காட்சிகள் நின்றன. பூனை தேறியது. அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அரைப்பேருக்குச் சோறு வைக்கும் தட்டை மாற்றினாள். தேங்காய்ச் சிரட்டையில் வைத்தாள். எங்களுக்கும் அகப்பைதான் வந்தது, கரண்டியைக் கூரைச் செருகலில் ஏற்றிவிட்டாள். பையன்களுக்கு வேறு விளையாட்டு கிடைத்துவிட்டது. எனக்கும்தான்.

நான் படித்தேன், பதுளையிலேயே ஆசிரியரானேன். அரைப்பேர் கிழட்டுப் பூனையாகி, அந்தத் தேயிலைப் பெட்டியிலேயே அமைதியாகச் செத்தது. ஒரு நாள், அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அப்பாவுக்கு முடியாமல் போய், நான் போனேன். இந்தத் தடவை வாசலில் உட்காரவில்லை, உள்ளே போனேன். மருந்து கொடுப்பவர் அதே சின்ன வெள்ளை மாத்திரைகளை எண்ணிப் போட்டபடி என்னிடம் சொன்னார்: "வலிப்புக்கான மருந்து. ஒரு நேரம்கூட விடக்கூடாது. விட்டால் விழுந்துவிடுவார். ஏற்கெனவே ஒரு தடவை அப்படித்தான் நெற்றியை உடைத்துக்கொண்டார்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு, தட்டைத் தட்டியவன் நான் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள் அத்தை. "நான் படுத்துக் கெடந்தப்ப அது ஒரு தடவையும் விழல. என்னடான்னு தட்ட எடுத்துப் பாத்தேன். விளிம்பெல்லாம் நசுங்கி இருந்துச்சு."

"ஏன் அத்தே அப்பவே சொல்லல? நாலு அடி அடிச்சிருக்கலாமே."

"அடிச்சா, ஏன் அடிச்சேன்னு சொல்லணும். அப்பறம் மாத்திரையப் பத்திச் சொல்லணும். நீ என்னைய அத்தேன்னு பாப்பியா, விழுறவன்னு பாப்பியா?" அவள் சிரித்தாள். "வீட்டுல ஒரு ஆளாவது என்னைய ஒன்னும் தெரியாம பாக்கட்டும்னு விட்டுட்டேன். வா, பணிசு வாங்கித் தாரேன்."

வாங்கித் தந்தாள். சாப்பிட்டேன். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் வீட்டில் யார் என்ன குறையோடு வந்தாலும் கதவைச் சாத்தாமல் இருக்கப் பழகியிருக்கிறேன் என்றால், அது அந்தச் சாக்கோடு வந்த பழக்கம். அதற்கு அவளுக்கும் அரைப்பேருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் நினைவு என்னவோ பதுளைப் பெஞ்சில் நிற்பதில்லை, அவள் விழுந்த அந்த நாளுக்கே திரும்பிப் போகிறது.

அன்று பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தபோது அத்தை வாசற்படியில், மழை விட்ட வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கட்டு. மடியில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா இன்னும் மலையில் இருந்தாள்.

"இன்னைக்கும் அரைப்பேரா? குடுத்து வச்சவங்க அத்தே நீங்க" என்றேன்.

அத்தை பூனையின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஆமாண்டா தம்பி. குடுத்து வச்சவதான்."

நான் புத்தகப் பையை உள்ளே எறிந்துவிட்டு, பையன்கள் காத்திருக்கிறார்களா என்று பார்க்கக் கொல்லைப்புறம் ஓடினேன்.