நேரியமங்கலம் ஏற்றத்தில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள்

சென்ற மாசி மாதம், இரண்டாம் போக அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போட்ட மறுவாரம், கொல்லங்கோட்டிலிருந்து மூணாறுக்கு மோட்டாரில் போய்த் திரும்பினோம். போக நூற்று நாற்பத்தொரு மைல். ஒரே பயணத்தில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நோக்கம். மலைச் சாலையில் வண்டி ஓட்ட நினைக்கிறவர்களுக்கும், வண்டி வாங்க நினைக்கிறவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

ஓட்டியது நான். இதைக் கேட்டதும் புருவத்தை உயர்த்துகிறவர்கள் உண்டு, ஆகையால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் பாலக்காட்டுக்குக் கிழக்கே முதலில் மோட்டார் ஓட்டிய நாலைந்து பேரில் ஒருவர். ஒன்றரை வருடத்துக்கு முன் நெல் மூட்டை ஏற்றிய வண்டி சாய்ந்து இடது தொடை முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, முழங்கால் மடங்கவில்லை. கிளச்சை மிதிக்கும் கால் அது. அன்றிலிருந்து அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. எங்கள் பழைய டூரிங் காரை நெற்களத்தில் சுற்றிச் சுற்றி எட்டு மாதத்தில் நானே ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கினேன். அந்த வண்டி பழுதாகி நின்றபோது, புதிதாக ஒன்று வாங்கலாம், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். வண்டிப் பேச்சென்றால் மட்டும் அவர் முகம் மாறும்.

கோயம்புத்தூர் வியாபாரி இரண்டு வண்டிகளை நாலு நாள் பார்வைக்குக் கொடுத்தார். கூடவே மாரியப்பன் என்ற மெக்கானிக்கையும் அனுப்பினார். கம்பெனிப் பெயர்களை எழுதினால் விளம்பரம்போலத் தோன்றும். பெரியது, சின்னது என்றே சொல்கிறேன். பெரியது தந்த நிறம். எட்டு சிலிண்டர், நூற்றுப்பத்துக் குதிரைச்சக்தி, நாலாயிரம் ராத்தல் எடை. அதன் மூக்கு மட்டுமே எங்கள் கட்டில் நீளம் இருக்கும். விலை பதினோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சின்னது பச்சை. நாலு சிலிண்டர், முப்பத்தாறு குதிரைச்சக்தி, இரண்டு பேருக்கு மேல் இடமில்லை, விலை மூவாயிரத்து இருநூறு. போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றொன்று என்று ஏற்பாடு.

"பெருசு திரும்பும்போது இருக்கட்டும் புள்ள. நல்லதைக் கடைசியில திங்கறதுதான் எனக்குப் பழக்கம்" என்றார் அவர். அவர் மனம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பெரியதைப் பார்த்து எனக்குப் பயம் என்பதை நான் சொல்லவில்லை.

விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். சின்ன வண்டியில் நானும் அவரும். பின்னால் பெரியதில் மாரியப்பன். சின்னதில் ஏறுவது அவருக்குக் கஷ்டம்தான், அத்தனை தாழ்வு. உட்கார்ந்துவிட்டால் காலை நேராக நீட்டிக்கொள்ளலாம், அது வசதி. நெம்மாறை தாண்டி வடக்கஞ்சேரி வரை வண்டி ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பில் சொல்லிக்கொண்டே வந்தது. ஆனால் குதிரான் மலை வளைவுகளில் நுழைந்ததும் அந்தக் குறை மறந்துவிட்டது. ஸ்டியரிங்கை நாலு விரல் அசைத்தால் போதும், மூக்கு நான் பார்க்கும் இடத்துக்குப் போகிறது. வளைவில் சாயவில்லை, சறுக்கவில்லை. களத்தில் பழகிய எனக்கு, நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று முதல்முறையாகத் தோன்றியது. அவர் மட்டும் அடிக்கடி திரும்பிப் பின்னால் வரும் பெரியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரைக்குத் திருச்சூர். முப்பத்தொன்பது மைல். ஒரு காப்பி கிளப் முன்னால் நிறுத்தினேன். அவர் கதவைப் பிடித்து, தடியை ஊன்றி, மடங்காத காலை வெளியே இழுத்து எழுந்து நிற்பதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அதில் எங்கள் பக்கத்து நெல் வியாபாரி ஒருவரும் இருந்தார்.

"ஏனுங்க, கொழந்தைகளுக்கு வாங்கற பொம்மையாட்டம் இருக்குதுங்களே!" என்று சிரித்தவர், பிறகு குரலைத் தாழ்த்தி, "காலு இன்னும் செரியாகலீங்களா? பாவம்" என்றார்.

அவ்வளவுதான். இவர் பாதி காப்பியை வைத்துவிட்டு வண்டிக்கு வந்துவிட்டார். சாலக்குடி தாண்டியதும், "பின்னால வர்ற வண்டியில வந்து எறங்கியிருந்தா, என்ற காலை ஆரு பாத்திருப்பாங்க புள்ள? வண்டியைத்தான பாத்திருப்பாங்க" என்றார்.

கௌரவம் என்பதை அதுவரை நான் வீண் ஜம்பம் என்றே நினைத்திருந்தேன். அவருக்கு அது ஒரு போர்வை. அது வேண்டும் என்று கேட்பவரிடம் ஸ்டியரிங் லேசாகத் திரும்புகிறது என்று நான் எப்படி வாதாடுவது? பெரியதையே வாங்கிவிடலாம், பயத்தை எப்படியாவது விழுங்கிக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் நானும் முடிவு செய்துகொண்டேன்.

அங்கமாலிக்கு முன்னால் திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சவுக்கையில் காகிதங்களைப் பார்க்க இருபது நிமிஷம். ஆலுவாய் ஒன்பதே முக்கால். பெரும்பாவூர், கோதமங்கலம் வழியாக நேரியமங்கலம் சேர்ந்தபோது பதினொன்றரை. பெரியாற்றின் மேல் வளைவு வளைவாகக் கட்டிய புதுப் பாலம் இருக்கிறது. அதன் அழகுக்காகவே பத்து நிமிஷம் நிற்கலாம். கட்டுச்சோறு சாப்பிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, பன்னிரண்டே காலுக்கு ஏற ஆரம்பித்தோம். இங்கிருந்து மூணாறு முப்பத்தாறு மைல். எல்லாம் ஏற்றம்.

அருவிகளைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. நடு வளைவில் மூங்கில் ஏற்றிய மாட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் திணறியது. கீழ் கியருக்கு வர வேண்டும். மோட்டார் ஓட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வண்டிகளில் கியர் இறக்குவது லேசில்லை. கிளச்சை மிதித்து லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சின் சரியான சுருதிக்கு வந்ததும் மறுபடி மிதித்து லீவரைத் தள்ள வேண்டும். சமதரையில் எனக்கு வரும். அங்கே வரவில்லை. பல்லோடு பல் உரசிக் கர்ரென்று கத்தியதே தவிர கியர் விழவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் சரிவு, அதற்குக் கீழே மரங்களின் உச்சி.

நான் பிரேக்கை மிதிப்பதற்குள் அவர் கை நடுவிலிருந்த கைப்பிரேக்கை இழுத்துவிட்டது. வண்டி நின்றது. மாரியப்பன் பெரியதை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"அம்மா, எறங்கிக்குங்க. மலை ஏறற வரைக்கும் நான் ஓட்டறனுங்க."

நான் இறங்கத் தயாராகிவிட்டேன். அவர்தான், "வேண்டாம் மாரியப்பா. நீ உன்ற வண்டிக்குப் போ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ காலை மட்டும் பாத்துக்க. கியரை நான் போடறேன்" என்றார்.

சின்ன வண்டியில் கியர் லீவர் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. என் இடது கை எட்டுகிற அதே தூரம்தான் அவருடைய வலது கைக்கும். இந்தச் சின்ன விஷயம் அதுவரை எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மூங்கில் வண்டி ஒதுங்கியது. "மிதி" என்றார், முதல் கியர் விழுந்தது. கிளம்பினோம். அடுத்த வளைவுக்கு முன்னால் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டார். "மிதி. விடு. ஒரு தட்டு. மிதி." வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் லீவர் இறங்கியது. ஒரு சத்தமில்லை. "இன்னொருக்கா. மிதி. விடு. தட்டு, பலமாத் தட்டு! எஞ்சின் அழுவுது, கேக்கலயா உனக்கு?" எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் என்னை அதட்டிய முதல் அதட்டல் அது.

பத்து வளைவுக்குப் பிறகு பேச்சு தேவைப்படவில்லை. அவர் கை லீவருக்குப் போவது கண்ணோரத்தில் தெரியும், என் கால் தானாகக் கிளச்சுக்குப் போகும். அந்தப் பச்சை வண்டியை என்னவென்று புகழ்வது! முப்பத்தாறு குதிரைதான், ஆனால் ஒரு குதிரைகூடச் சோம்பவில்லை. எந்த வளைவிலும் ஒரே திருப்பில் திரும்பியது. பள்ளிவாசல் என்ற ஊர் அருகே தேயிலைத் தோட்டங்கள் திறந்துகொண்டபோது குளிர்காற்றில் அவர் தலைப்பாகை பறந்து போயிற்று. நிறுத்தவா என்றேன். "போனாப் போகுது, வளைவு வருது பாரு!" என்றார்.

மூணாறு மூன்றே காலுக்கு. முசாவரி பங்களாவில் அறைக்கு இரண்டு ரூபாய், சாப்பாடு தனி. மறுநாள் மாட்டுப்பட்டி வரை எட்டு மைல் போய்ப் புல்மேடுகளைப் பார்த்து வந்தோம். குளிருக்குக் கம்பளி கட்டாயம்.

மூன்றாம் நாள் காலை ஏழுக்குப் பெரியதில் மலை இறங்கினோம். சின்னதில் மாரியப்பன் முன்னால் போனார். அதில் கியர் லீவர் ஓட்டுகிறவரின் வலது பக்கம், கதவோரம் இருக்கிறது. அவருக்கு எட்டாது. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே விட்டுவிட்டால் போதும் என்று மாரியப்பன் சொல்லியிருந்தார், அப்படியே செய்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் முழுவதும் வேண்டியிருந்தது. அடிமாலிக்குக் கீழே ஒரு வளைவில் ஒரே திருப்பில் திரும்ப முடியாமல் மூக்கு பாறையைத் தொடுமளவுக்குப் போய் நின்றது. எதிரே தேயிலை லாரி. அதன் டிரைவர், திருநெல்வேலிக்காரர், குதித்து வந்தார்.

"எம்மா, நீங்களா ஓட்டுதிய? பயப்படாதிய, நான் கை காட்டுதேன், அதுபடி பின்னால வாங்க. இன்னும் வாங்க. ரெண்டடி இருக்கு. போதும், போதும்! இப்பம் ஒடிச்சுத் திருப்புங்க!" மூன்று முறை முன்னும் பின்னும் போய்த்தான் திரும்பியது. லாரிக்காரர் எங்கள் வண்டியை ஒரு முறை சுற்றிவந்து, "காரா இது, கப்பல்லா!" என்று தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கப்பல்தான். ஆலுவாய் தாண்டி நேர்ச்சாலை கிடைத்ததும் அதன் அருமை தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபத்திரண்டு மைல். அத்தனை வேகத்திலும் பேசினால் கேட்கிறது. தென்னைகள் பச்சைச் சுவராக ஓடின. எதிரே வந்த வண்டிகள் தாமாக ஒதுங்கின. சாலையோரத்தில் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். உண்மையைச் சொன்னால், மலையில் பட்ட பாடெல்லாம் மறந்து, இந்த வண்டிதான் வேண்டும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டது.

திருச்சூரில் அதே காப்பி கிளப். மணி ஒன்று. இந்தத் தடவை கூட்டம் அறுபது எழுபது பேர். கடைக்காரர் வெளியே வந்து கும்பிட்டு, எங்களுக்கென்று மேஜையைத் துடைத்துப் போட்டார். எல்லாக் கண்ணும் வண்டி மேல்தான். இவர் தடியை ஊன்றி இறங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் விரும்பியது அப்படியே நடந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. காப்பியைக் குடித்து முடித்தார். வாசலுக்கு வந்தார். பெரியதை ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"மாரியப்பா, இதை நீ எடுத்துக்க. சின்னதுல நாங்க வர்றோம்."

"ஏனுங்கய்யா, வண்டியில எதாச்சும் கொறைங்களா?"

"ஒரு கொறையுமில்ல. ராசா வண்டி" என்றவர் என்னிடம் மெதுவாக, "மூணாத்துல இருந்து கை சும்மாவே கெடக்குது புள்ள. முன்னால குதிரான் வருது" என்றார்.

எனக்குப் பெரியதன் மேல் வந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன். அது ஒன்றிரண்டு மணி நேரத்து ஆசைதான். குதிரானில் இருவரும் சேர்ந்து ஓட்டினோம். நாலு மணிக்குக் கொல்லங்கோடு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோதமங்கலத்தில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நிச்சயமில்லை. சின்னது காலனுக்கு முப்பத்தைந்து மைல் கொடுத்தது, பெரியது பதின்மூன்று. மலையில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடியுங்கள், தேயிலை லாரிக்காரர்கள் நல்லவர்கள், ஆனால் அவசரக்காரர்கள். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்ச்சாலையிலேயே அதிகம் போகிறவர்களும், நாலு பேர் முன்னால் போய் இறங்க வேண்டிய வேலை உள்ளவர்களும் பெரியதை யோசிக்காமல் வாங்கலாம், அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. மலையும் வளைவும் உங்கள் வழியில் இருந்தால் சின்னது. வாங்குமுன் உங்களோடு எப்போதும் வருகிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். பத்து மைல் போதாது. ஒரு நாள் முழுவதும் ஓட்டுங்கள்.

பச்சை வண்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலை நான் மோர் கடைந்துகொண்டிருந்தபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வரலாமா என்று கேட்டார். சந்தையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இருபத்துநான்கு மைல். மத்தைப் போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.