மைக்செட் வீட்டு மஞ்சள் பல்பு

திருக்கழுக்குன்றத்தில் மைக்செட் இனியனின் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆடி மாதம் முழுக்கத் தூக்கம் கிடையாது. ஸ்பீக்கர் பாக்ஸ் சரியாகப் பாடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் தெருவையே அதிர வைப்பான். அதைப் பற்றி ஒருநாளும் முணுமுணுக்காத ஒரே ஜீவன் அவன் மனைவி லோகநாயகி. சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. எதிராளியின் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி பதில் சொல்வாள். திருவிழாவென்றால் ஸ்பீக்கர் பாக்ஸில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மேளக் கச்சேரி முழுவதையும் அனுபவிப்பாள்.

செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டிய வரதனின் பட்டறையில் அவளுக்கு வேலை. கடைந்து வந்த இரும்புச் சாமான்களின் பிசிறை அரத்தால் ராவ வேண்டும். தொண்ணூற்றெட்டில் வரதன் ஒரு கம்ப்யூட்டர் லேத் வாங்கிப் போட்டார். பொத்தானை அமுக்கினால் கதவை மூடிக்கொண்டு தானாகவே கடையும். அரத்தோடு மாரடித்தது போதும், இனி அந்த மெஷினில்தான் நிற்பேன் என்று லோகநாயகிக்குக் கொள்ளை ஆசை.

வரதன் நல்ல மனுஷர். ஆனாலும் தலையாட்டவில்லை.

"உள்ள வெட்டுற டூலு மழுங்கினா சத்தம் மாறும் லோகா. காதால கேட்டுத்தான் நிறுத்தணும். இல்லேன்னா கடையற அத்தினி சாமானும் பாழு. அதுக்குத்தான இங்க ரேடியோ கூட வெக்க வுடல."

நியாயம்தான். அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது.

அவர்கள் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் அடுப்படியில் ஒரு மஞ்சள் பல்பு எரியும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலிருந்து பிய்த்த சின்னத் தகடு ஒன்றைக் கதவில் ஒட்டி, பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாக இனியன் செய்து கொடுத்தது. கதவின் அதிர்வைத் தகடு வாங்கும், பல்பு காட்டும். அன்று சாயங்காலம் பால்காரர் தட்டினார். லோகநாயகி பாலை மறந்து பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், இத்த மெஷின்ல ஒட்டுய்யா" என்றாள். பால்காரருக்கே கேட்டது.

வரதன் ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். டூல் பிடித்திருக்கும் தலைக்குப் பின்னால் இனியன் தகட்டை ஒட்ட, புது டூல் மாட்டி ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்திலேயே பல்பு எரிந்தது. கதவைத் திறந்தால் டூல் கூர் மழுங்காமல் அப்படியே இருக்கிறது. மறுபடி ஓட்டினார்கள், மறுபடி எரிந்தது.

"கூட்ஸ் போவுது அண்ணாத்த. ஒம் பல்பு ரயிலுக்குக் கொடி காட்டுது" என்றான் பக்கத்து மெஷின் பன்னீர்செல்வம். பட்டறையே சிரித்தது. வரதன்கூடச் சிரித்துவிட்டு, "கழட்டிடு இனியா" என்றார்.

லோகநாயகி சிரிக்கவில்லை. ஒரு கை சுவரிலும் ஒரு கை மெஷினிலுமாக நின்றவள் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ரயிலு தவுலாட்டம் வயித்துல இடிக்குது. டூலு நாயனமாட்டம் வெரல் நுனில குறுகுறுங்குது. ரெண்டும் ஒண்ணாய்யா?"

இனியன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஊரெல்லாம் கல்யாணத்தில் செய்கிறதை இங்கே மறந்து தொலைத்திருந்தான். ஆம்ப்ளிஃபயரில் தவுலை அடக்குகிற பாஸ் குமிழை அடிவரைக்கும் குறைத்து, நாயனத்தைத் தூக்குகிற ட்ரெபிளை, புது டூலின் குறுகுறுப்புக்குப் பல்பு எரியாத அளவுக்கு ஏற்றினான்.

அடுத்த கூட்ஸ் தடதடத்துப் போனது. பல்பு அசையவில்லை. சாயங்காலம் வரை மெஷின் ஓடியது. ரயிலே இல்லாத நேரத்தில் பல்பு பளிச்சென்று எரிந்தது. பன்னீர்செல்வம் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"சத்தம் நல்லாத்தான் கீது மொதலாளி."

வரதன் கதவைத் திறந்து டூலைக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்தார். முனை மழுங்கியிருந்தது.

"நாளைலேர்ந்து நீ இங்கியே நில்லு" என்றார். லோகநாயகி போட்ட கூச்சலில் அடுத்த பட்டறைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

ஒரு வருஷத்துக்குள் எல்லா மெஷினுக்கும் பல்பு வந்துவிட்டது. யாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்றானதும், வரதன் ரேடியோவுக்குச் சம்மதித்தார். பெரிய பாக்ஸ் கொண்டுவந்து மாட்டியவன் இனியன்தான். முதல் நாள் பாட்டு கிளம்பியதும் பன்னீர்செல்வம் ஆடியே விட்டான்.

லோகநாயகி டீ டம்ளரோடு போய் பாக்ஸில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"பாட்டு சப்புனு கீது பன்னீரு" என்றாள். "பாஸை ஏத்து."