ஐந்தரை மணி நேரம்

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டேன். பெரிய வேலைகள் எதுவும் வரவில்லை. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டுக்குச் செய்து கொடுத்தது மட்டும் தினமும் பயன்பட்டது. லாரி கேட்டுக்கு வந்ததும் அதன் எண்ணைப் பதிவு செய்வார்கள். சர்வர் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அந்த நேரப்படி உள்ளே போகும் வரிசை திரையில் வரும். டிரைவர்கள் வரிசையை மட்டுமே பார்க்க முடியும், நேரத்தை அல்ல.

அதுவரை சர்வரை ஒரு நிறுவனம் பார்த்துக்கொண்டது. அறுபத்தாறு வயதில் அதையும் நானே நிர்வகிக்க ஆசைப்பட்டு லினக்ஸ் படித்தேன். கையேடுகள் இருந்தன. சந்தேகம் கேட்டால் முகம் தெரியாதவர்கள் பதில் எழுதும் இணைய மன்றம் ஒன்றும் இருந்தது. நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, தளத்தை நான் அமைத்த சர்வருக்கு மாற்றினேன். தளம் திறந்தது. காப்பி குடிக்கப் போனேன்.

புதிய சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். பத்து மணிக்கு வந்த லாரி விடிகாலை நாலரைக்கு வந்ததாகப் பதிவானது. பழைய சர்வரில் எட்டு நாற்பதுக்கே பதிவாகி இன்னும் உள்ளே போகாமல் நின்றது ஒரே ஒரு லாரி. பின்னால் வந்தவையெல்லாம் அதைத் தாண்டிப் போயின.

இரண்டு மணிக்கு யார்டு மேற்பார்வையாளர் போன் செய்தார். ஒரு டிரைவர் லாரியைக் கேட்டின் குறுக்கே நிறுத்திவிட்டு, நகர மாட்டேன் என்கிறாராம். ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் போனேன். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். சத்தம் போட்டு ஓய்ந்திருந்தார். மேற்பார்வையாளர் அவரிடம், “இன்னாபா, கம்ப்யூட்டருக்கும் உனக்கும் வாய்க்கா தகராறா?” என்றதும் மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

காவலாளியின் மேசையில் மடிக்கணினியை வைத்து, சர்வரிடம் மணி கேட்டேன். பிற்பகல் இரண்டரைக்கு அது காலை ஒன்பது என்றது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கடிகாரத்தைத் திருத்தினேன். அன்றைய பதிவுகளையும் திருத்தினேன். அந்த லாரி வரிசையின் தலைக்கு வந்தது.

“லிஸ்ட்ல எதுனா தப்பு கீதா சார்?” என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

“லிஸ்ட் சரியாத்தான் இருக்கு” என்றேன். அந்த நிமிடத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

அவர் திரையை டிரைவர் பக்கம் திருப்பினார். “பாரு, அடுத்தது உன் வண்டிதான். இதுக்கா இவ்ளோ பேஜாரு பண்ணே?”

டிரைவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்டை மறித்ததற்காக அவருடைய நுழைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது இல்லாதவர் அந்த யார்டுக்கு வண்டி ஓட்ட முடியாது. அந்த வாரமே முதலாளி லாரியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் வாய் திறக்காததற்குக் காரணம் சிறியது. சர்வரை முன்பு பார்த்துக்கொண்ட நிறுவனத்தைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று மேற்பார்வையாளரிடம் பெருமை அடித்திருந்தேன்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவர் அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும், அடுத்தவர் அதில் விழாமல் இருக்க. அன்று மாலையே எழுதினேன், ஆங்கிலத்தில், ஒளிவு மறைவில்லாமல். பல ஊர்க்காரர்கள் நன்றி சொன்னார்கள். ஒருவர் என் நேர்மையைப் பாராட்டியிருந்தார். அதை இரண்டு முறை படித்தேன்.

டிரைவரின் கைபேசி எண் என் தரவுத்தளத்திலேயே இருந்தது. அதை அழைக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. புழல் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். சடையங்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“நான் முன்னாடி வந்தது எனக்குத்தான் தெரியுமே சார். என்னாண்ட வந்து சொல்லிகினு கீறியே. கேட்டாண்ட போய் சொல்லு.”

மறுநாள் போனேன். வரிசையில் நான்கு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் எழுதித் தரச் சொன்னார். தமிழில் எழுதிக் கையெழுத்திட்டேன். அட்டையைத் திருப்பித் தருவதாக அவர் சொல்லவில்லை. டிரைவர்களில் ஒருவர் மட்டும், இன்றைய வரிசை சரியா என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொருவரும் வந்த நேரத்தைக் கேட்டு, திரையோடு ஒப்பிட்ட பிறகுதான் பதில் சொன்னேன்.