நூலில் அளந்த பூட்ஸ்

விளக்கெண்ணெயும் புதுத்தோலும் கலந்த ஒரு வாடை எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு மாதம் போகாமல் நின்றது. திருவனந்தபுரத்து ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு ஒருபக்கம் மிளகாய் வற்றல் கிட்டங்கி, மறுபக்கம் பெருங்காயக் கடை; எந்த வாடைக்கும் மூக்கு மரத்துப்போயிருந்த எங்களுக்கே அது குமட்டியது. சைவ வீட்டுக்குள் மாட்டுத்தோல் ஏறக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றதால், சித்தப்பாவின் புது பூட்ஸ் துணி துவைக்கிற "அலக்குகல்லில்" காகிதம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. காலையில் கடைக்குப் புறப்படும் முன் சித்தப்பா அங்கே குந்தியிருந்து, தோல் இளகட்டும் என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். அந்த பூட்ஸ் எங்கள் தெருவுக்கு வரக் காரணமான மனிதரின் பெயரை இத்தனை வருஷம் கழித்தும் எழுத எனக்கு மனமில்லை. தெருக்காரர்கள் அவரை "மேனேஜர்" என்றார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த சமயம் அது, நாகர்கோவில் இன்னும் திருவனந்தபுரத்தோடுதான் இருந்தது. அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா, சொந்தக்காரர் ஒருவரின் மிளகு மண்டியில் எடை போடுகிறவர். சாயங்காலமானால் எங்கள் தெரு வியாபாரிகள் நடத்திய கால்பந்து கிளப்பில் இடது ஓரத்தில் ஆடுவார். அன்றைக்கு எங்கள் பக்கத்து கிளப்புகளில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள், வேண்டுமானால் பூட்ஸும் போடலாம், அதற்கு விதி என்று ஒன்றும் கிடையாது. பந்து சித்தப்பாவின் காலுக்கு வந்துவிட்டால் தராசைத் தூக்கிப் பிடிக்க நிமிர்ந்து உட்காரவே யோசிக்கிற கடைக்காரர்கள்கூட எழுந்து நின்று "போலே மக்கா, போலே" என்பார்கள். அந்த வருஷம் அரசாங்க இலாகா ஒன்று பந்தாட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கப்போவதாகவும், மாசி மாதப் போட்டிக்கு அதன் அதிகாரி நேரில் வந்து ஆட்களைப் பார்ப்பதாகவும் தெரியவந்தது. அரசாங்க வேலைக்கான வயது சித்தப்பாவுக்கு அந்த வருஷத்தோடு முடிந்துவிடும். மிளகு மூட்டையிலிருந்து எழுந்து போக அவருக்கு இருந்த ஒரே வழி அந்த ஆட்டம்தான் என்பது வீட்டில் சிறுமியான எனக்கும்கூடத் தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் டீமைப் பழக்க மேனேஜர் வந்து சேர்ந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கல்கத்தாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அவரை நேரில் போய்ப் பேசி அழைத்துவந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். வந்த முதல் வாரத்திலேயே, இந்தத் தெரு டீமை மூன்றே வருஷத்தில் இந்தியா முழுக்கப் பேசவைக்கிறேன் என்று அவர் சொல்ல, ஒரு படி மிளகைக் கையில் வாங்கி, முகர்ந்து, கடித்துப் பார்க்காமல் விலை பேசாத எங்கள் வியாபாரிகள் அந்த வாய்வார்த்தையை அப்படியே விழுங்கினார்கள். "இனி கப்பு நமக்காக்கும்" என்பதுதான் தெருவில் எல்லாருக்கும் அன்றாடப் பேச்சு. வராத கோப்பைக்கு கிளப் அறையில் கண்ணாடி அலமாரிகூடச் செய்துவைத்தார்கள், அதைத் துடைப்பதற்கு ஆளும் போட்டார்கள்.

வெறுங்கால் ஆட்டம் காட்டு ஆட்டம் என்றார் மேனேஜர், ஆகவே எல்லாருக்கும் மதராஸிலிருந்து பூட்ஸ் தருவிப்பது என்று முடிவாயிற்று. எங்கள் தெருவில் செருப்புக்கு மேல் எதையும் காலில் போட்டுப் பழகியவர்கள் இல்லை. கயிற்றுக்கடைக்காரர் ஒரு நூல்கண்டோடு வந்து, ஒவ்வொருவர் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை நூலைப் பிடித்துக் கத்தரித்து, பெயர் எழுதிய துண்டுச்சீட்டை அதில் முடிந்தார். கயிற்றை நீளத்துக்கு அளந்தே பழகியவர், அவருக்குக் காலின் அகலம் தோன்றவில்லை. கல்கத்தாவில் பூட்ஸ் போட்டு ஆடியதாகச் சொல்லிக்கொண்ட மனிதருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? பக்கத்தில் நின்றுகொண்டு, "நூலு போதும், அனுப்புங்க" என்று தலையாட்டியவர் அவர்தான்.

பிறந்ததிலிருந்து மண்ணில் நடந்த சித்தப்பாவின் கால், விரல்கள் விசிறிபோல் விரிந்த அகலக் கால். வந்திறங்கிய பூட்ஸ் நீளத்துக்குச் சரியாக இருந்தது, ஆனால் முன்பக்கம் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிடித்தது. வலிக்கிறது என்று அவர் ஒருமுறை வாயைத் திறந்தபோது, "வலிக்காம ஒருத்தனும் பிளேயர் ஆகல்ல" என்று மேனேஜர் சொன்னாராம், அதையும் பெரிய தத்துவம்போலக் கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பழக்க ஆட்டங்களில் டீம் வரிசையாகத் தோற்றது. ஒவ்வொரு தோல்விக்கும் தெருவில் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. தோல் இன்னும் இளகல்ல, தரை சரியில்ல, மேனேஜர் வேணும்னே விட்டுப் பாக்காரு. அம்மா மட்டும், சித்தப்பாவின் கறுத்துப்போன பெருவிரல் நகத்தில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே, "அந்தச் சவத்தைத் தூக்கிக் கிணத்துல போடுங்க கொழுந்தனாரே" என்பாள். அவர் சிரிப்பார். "சரியாயிரும் மதினி, அந்தாளு வெவரம் தெரிஞ்சவரு" என்பார்.

போட்டி நாளன்று அப்பா என்னையும் கூட்டிப்போய் மூங்கில் காலரியில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எதிரே நாற்காலி வரிசையில் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தவர்தான் இலாகா அதிகாரி என்று காட்டினார். வெயில் காய்ந்து தரை கல்லாக இருந்தது. முதல் பாதியில் சித்தப்பா ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, காலை எடுத்துவைக்கவே யோசித்து யோசித்து வைத்தார். எதிர் டீம் ஒரு கோல் போட்டிருந்தது. அதிகாரி சித்தப்பா பக்கம் திரும்பவே இல்லை என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் சித்தப்பா கோட்டோரமாகக் குனிந்து பூட்ஸ் இரண்டையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். அடுத்து வந்த பந்தோடு அவர் இடது ஓரமாகப் புறப்பட்டதை இன்றும் கண்ணை மூடாமலே என்னால் பார்க்க முடியும். இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாவது ஆள் விழுந்து கிடக்க, கோல்கீப்பரின் கைக்குக் கீழே பந்தைத் தள்ளிவிட்டு நின்றார். வெள்ளைக் கோட்டுக்காரர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து, பக்கத்து ஆளிடம் என்னவோ கேட்டார். தெருக்காரர்கள் குதித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் விசில் ஊதி, கோட்டருகே வந்து, விரலை மடக்கிச் சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"பூட்ஸ் போடாதவன் என் டீம்ல இல்ல. வெளிய வா."

அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே மாற்றாள் இறக்கும் வழக்கம் கிடையாது, அவர் வெளியே வந்தால் மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர்தான். சித்தப்பா காலரியைப் பார்த்தார். வேண்டாம் என்று யாராவது ஒருவர் குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். குதித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிறகு யாரோ கைதட்டினார்கள், உடனே காலரி மொத்தமும் தட்டியது. "டிசிப்ளின்னா இதாக்கும், இதுதான் நமக்கு இல்லாம இருந்துச்சு" என்று எனக்குப் பின்னால் ஒருவர் பரவசப்பட்டார். முதலில் தட்டியது யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தேவை இருக்கவில்லை. அது என் அப்பா.

அன்று தோற்றோம். இலாகா எதிர் டீமிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டது. சித்தப்பா மிளகு மண்டிக்கே திரும்பிப்போய், கண் மங்கும்வரை அங்கேயே எடை போட்டார். மேனேஜர் மறு வருஷமும் கோப்பை கொண்டுவரவில்லை, வேறு ஏதோ ஊர் டீமை உயர்த்தப் போகிறேன் என்று மாலை மரியாதையோடு கிளம்பிப்போனார்.

இன்று அந்த மைதானத்தில் கல்யாண மண்டபம் எழும்பிவிட்டது. கிளப் அறை போயிற்று, மிளகு மண்டி போயிற்று, தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் ஒன்றிரண்டுதான் மிச்சம். கைதட்டியவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. என் பேரன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தச் சீமையிலோ இருக்கிற தன் கிளப்புக்குப் புது மேனேஜர் வந்துவிட்டார், இனிமேல் பாருங்கள் பாட்டி என்கிறபோது நான் அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

அப்பா இறந்து பல வருஷம் கழித்து ஒருநாள் சித்தப்பாவிடம் கேட்டேவிட்டேன், அன்றைக்கு அப்பா தட்டியது உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றார். கோபமில்லையா என்றேன். அவர் நகமில்லாத பெருவிரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"அண்ணனும் என்ன செய்வாரு மக்களே, டீம்தானே பெருசு. அந்த மேனேஜரு இன்னும் ஒரே ஒரு வருசம் இருந்திருந்தாருன்னா, கப்பு நமக்குத்தான் பாத்துக்கோ."

அப்பாவை அல்ல, அந்த மேனேஜரைத்தான் அன்று நான் முழுதாக வெறுத்தேன்.